அந்த அம்மா சொல்றதை யாராவது நம்புங்க

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

குழந்தை பெத்துட்டு வேலைக்குத் திரும்பி வர்ற பொண்ணை கூட வேலை பாக்குறவளே குறி வெச்சு துரத்துற அமெரிக்க டிவி த்ரில்லர்கள் பத்தி போன இதழ்ல வந்த விமர்சனம் படிச்சேன். எல்லாம் அரைச்ச மாவுன்னு சொல்லி ரெண்டே பத்தில முடிச்சிட்டார் உங்க விமர்சகர். ஒரே கதைதான், அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா அதே கதையை ஏன் விடாம எடுக்குறாங்க, அதை இத்தனை பொம்பளைங்க ஏன் உக்காந்து கடைசி வரைக்கும் பாக்குறாங்கன்னு அவர் கேக்கவே இல்லையே, அந்த கோவத்துல தான் இதை எழுதுறேன்.

ஃபார்முலாவா இருக்குங்கறதுக்காக நான் ஒரு படத்தை திட்ட மாட்டேன். 1984ல ஆரம்பிச்ச லைஃப்டைம் மாதிரி கேபிள் சேனலுக்காக எடுக்குற படங்க இது, விளம்பரத்தோட சேத்து 2 மணி நேர ஸ்லாட், அதுல படம்னு பாத்தா ஒன்றரை மணி நேரம் தான் தேறும். ஒவ்வொரு பிரேக்குக்கு முன்னாடியும் ஒரு அதிர்ச்சி வெச்சே ஆகணும், இல்லன்னா பாக்குறவங்க சேனல் மாத்திடுவாங்க. அதனால தான் பேபி மானிட்டர்ல வேற யாரோ தாலாட்டு பாடுற குரல் கேக்குது, ராத்திரி கண்ணு முழிச்சு பண்ண பிரசன்டேஷன் காலைல காணாம போகுது, உண்மையை கண்டுபிடிச்ச தோழி அதை போன்ல சொல்றதுக்குள்ள செத்துப் போறா. சின்ன பட்ஜெட்ல, குறைஞ்ச நாள்ல இதையெல்லாம் விறுவிறுன்னு நகத்துறது ஒரு திறமைதான், அதை குறைச்சு பேசக் கூடாது.

எனக்கு இருக்குற பிரச்சனையே வேற. இந்த படங்கள்ல முதல் 20 நிமிஷம் பெரும்பாலும் உண்மையா இருக்கும். லீவு முடிஞ்சு வர்றா, அவ சீட்ல வேற ஒருத்தி உக்காந்திருக்கா, அவ ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் இப்ப அவ கைல இல்ல, மீட்டிங்ல அவ வாயைத் திறந்தா எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க, "நீ ரெஸ்ட் எடு, நான் பாத்துக்குறேன்"னு ஒருத்தி சிரிச்சுக்கிட்டே சொல்றா. இது கற்பனை பயம் இல்லங்க. அமெரிக்கால 1993 சட்டப்படி கிடைக்கிறது 12 வாரம் லீவு, அதுவும் சம்பளம் இல்லாம, அதுவும் குறைஞ்சது 50 பேர் இருக்குற கம்பெனில ஒரு வருஷமாவது வேலை பாத்திருந்தா தான். சில மாகாணத்துல தனியா சம்பளத்தோட லீவு சட்டம் இருக்கு, நாடு முழுக்க கிடையாது. வேலை செய்யுற இடத்துல பால் எடுக்குறதுக்கு நேரமும் பாத்ரூமா இல்லாம வேற ஒரு மறைவான இடமும் குடுக்கணும்னு 2010ல சட்டம் வந்துச்சு, அதுலயும் நிறைய பேர் விட்டுப்போய் 2022 கடைசில தான் அதை விரிவு பண்ணாங்க. இந்த நிலமைல இருக்குற ஒரு அம்மாவுக்கு தன் இடம் பறிபோயிடுமோன்னு நடுக்கம் வராம எப்படி இருக்கும்?

அந்த நடுக்கத்தை தொட்டுட்டு படம் அப்படியே ஓடிடுது. கூட வேலை பாக்குறவ ஒரு மனநோயாளி, அவளுக்கு ஒரு பழைய கதை, கடைசில வீட்டுக்குள்ள சண்டை, போலீஸ் வருது, முடிஞ்சுது. பிரசவமாகி இவ்ளோ சீக்கிரம் இவளை ஏன் திரும்ப வர வெச்சாங்கன்னு ஒரு கேரக்டர் கூட கேக்காது. அதை விட, இவ லீவுல இருந்தப்போ தற்காலிகமா வந்த அந்த இன்னொருத்திக்கு இவ திரும்பி வந்த அன்னைக்கே வேலை போயிடும், அவளுக்கும் வாடகை இருக்கும், அவ பயமும் நிஜம் தானே, ரெண்டு பேரையும் இப்படி மோத விட்டது யாரு? நல்ல திகில் கதை அங்க தான் இருக்கு, அதை விட்டுட்டு கத்தியை எடுத்து ஒருத்தி கைல குடுத்துடுறாங்க.

அந்த வில்லியோட பழைய கதை என்னன்னு பாத்தா பல படத்துல அவளுக்கு கரு கலைஞ்சிருக்கும், இல்ல குழந்தை தவறிப் போயிருக்கும். இது தான் எனக்கு தாங்கவே முடியல. தெரிஞ்ச கர்ப்பங்கள்லயே சுமார் 10ல இருந்து 20 சதவீதம் கலைஞ்சு போகுதுன்னு டாக்டர்கள் சொல்றாங்க. அப்படின்னா டிவி முன்னாடி உக்காந்திருக்கவங்கள்ல எத்தனை பேர் அதை கடந்து வந்திருப்பாங்க, குழந்தையை இழந்தவ அடுத்தவ குழந்தையை திருடுவான்னு அவங்க கிட்டயே சொல்றது எவ்ளோ பெரிய கொடுமை!

இன்னொண்ணு, யாரும் அந்த அம்மாவை நம்ப மாட்டாங்க. புருஷன்ல இருந்து மேனேஜர் வரைக்கும் தூக்கம் இல்ல, ஹார்மோன், நீயா கற்பனை பண்றன்னு தான் சொல்லுவாங்க. அந்த காட்சிகள் எனக்கு ரொம்ப நெருக்கமானது, ஏன்னா நிஜத்துலயும் அப்படி தான் சொல்றாங்க. ஆனா படம் கடைசில என்ன சொல்லுதுன்னா அவளுக்கு எந்த நோயும் இல்ல, அவ சொன்னது சரி, அதனால அவ நல்லவ. அப்ப நிஜமாவே டிப்ரஷன் இருந்திருந்தா? அமெரிக்கால பிரசவமான பொண்ணுங்கள்ல 8 பேருக்கு ஒருத்தருக்கு அந்த அறிகுறி இருக்குன்னு அவங்க அரசாங்க அமைப்பே சொல்லுது. அதை கண்டுபிடிக்க 10 கேள்வி மட்டும் உள்ள எடின்பரோ கேள்வித்தாள் 1987ல இருந்தே இருக்கு, நான் பாத்த ஒரு படத்துல கூட யாரும் அவகிட்ட அதை நீட்டல. டிப்ரஷன்ல இருக்குற ஒரு அம்மா தன் குழந்தைக்கு ஆபத்துன்னு சொன்னா அதுவும் உண்மையா இருக்கலாம், ரெண்டும் ஒண்ணா இருக்க முடியும்னு ஒரு படமாவது காட்டட்டும்.

குழந்தை எப்பவும் போர்வைக்குள்ளயே இருக்குன்னு விமர்சகர் குறை சொன்னது மட்டும் நியாயம் இல்ல. கலிஃபோர்னியா சட்டப்படி 6 மாசத்துக்குள்ள இருக்குற குழந்தை ஒரு நாள்ல கேமரா முன்னாடி 20 நிமிஷம் தான் இருக்கலாம், செட்லயே மொத்தம் 2 மணி நேரம் தான். அந்த மாதிரி விதி இருக்குறது நல்லது, பொம்மையை தூக்கிட்டு நடிச்சா நடிச்சுட்டு போகட்டும்.

அடுத்த தடவை இந்த மாதிரி படத்துக்கு விமர்சனம் போடும்போது தயவு செஞ்சு குழந்தை பெத்துட்டு வேலைக்குத் திரும்பின ஒரு பொண்ணை எழுத வைங்க. பிரசவமாகி முதல் 2 வாரம் வர்ற அழுகை பெரும்பாலும் தானா அடங்கிடும், அதுக்கு மேலயும் நீடிச்சா டாக்டரை பாக்கணும்ங்கற ஒரு வரியையும் அது கூடவே சேத்து போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி