அந்தப் பத்து சதவீதக் கணக்கு

அன்பு மகளுக்கு,

ஓவியத்தை முதலீடாக வாங்கலாமா என்று கேட்டு நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். பத்து ஆண்டில் ஓர் ஓவியத்தின் விலை இரண்டு மடங்காகிவிட்டது, ஆகவே ஆண்டுக்கு 10 சதவீதம் என்று விற்பனையாளர் சொன்னாராம். நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் வங்கி டெபாசிட்டோடு ஒப்பிட வேண்டுமானால் கூட்டு வட்டி முறையில்தான் போட வேண்டும். விற்ற விலையை வாங்கிய விலையால் வகுத்து, அதற்குப் பத்தாம் மூலம் எடுத்து, ஒன்றைக் கழி. 7.2 சதவீதம்தான் வரும்.

அதுவும் முழுதாகக் கைக்கு வராது. ஏலத்தில் 100க்குச் சுத்தியல் விழுகிறது, அதாவது அந்த விலையில் ஏலம் முடிகிறது, அதற்கு மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் பிடிக்கும் கட்டணம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள். நீ கட்டுவது 125. பிறகு அதே படம் 200க்குப் போய், விற்பவர் கமிஷன் 10 சதவீதம் பிடித்தால் உனக்கு வருவது 180. இப்போது போட்டுப் பார், ஆண்டுக்கு 3.7! இன்சூரன்ஸ், பராமரிப்பு, வரி எதையும் நான் இன்னும் தொடவில்லை. சுவரில் மாட்டிய படம் வாடகையும் தராது, டிவிடெண்டும் தராது.

பிக்காசோவின் 'அல்ஜியர்ஸ் பெண்கள்' வரிசையில் 'ஓ' பதிப்பு 1997இல் 3.19 கோடி டாலருக்கு ஏலம் போனது. 2015இல் 17.94 கோடி. அதுவரை எந்த ஓவியமும் ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லை. அதற்கே பதினேழரை ஆண்டுக் கணக்கில் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல்தான். கட்டணம் சேராத சுத்தியல் விலை 16 கோடி. அதை வைத்துப் போட்டால் பத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

பிரிட்டிஷ் ரயில்வேயின் ஓய்வூதிய நிதி 1974 முதல் சுமார் 4 கோடி பவுண்டைக் கலைப்பொருட்களில் போட்டது. கிடைத்தது ஆண்டுக்கு 11.3 சதவீதம். பணவீக்கத்தைக் கழித்தால் ஏறக்குறைய 4. நிபுணர்களை வைத்து, ஆயிரக்கணக்கில் வாங்கியும் அவ்வளவுதான்.

அப்புறம், அந்த விற்பனையாளர் காட்டிய ஓவிய விலைக் குறியீட்டு வரைபடம். ஒரே படம் மறுபடி விற்கும்போதுதான் அதில் ஏறும். யாரும் கேட்காமல் கிடங்கில் கிடப்பவை கணக்கிலேயே வராது. அதனால் வளைவு எப்போதும் கொஞ்சம் அழகாகத்தான் தெரியும்.

படம் உனக்குப் பிடித்திருந்தால் வாங்கிக்கொள், அது வேறு விஷயம். முதலீடு என்றால், இரண்டு மடங்கானதாக அவர் சொன்ன அந்தப் படத்தை வாங்கிய ரசீது, விற்ற ரசீது, இரண்டிலும் உள்ள தேதி, பிடித்த கட்டணம் எல்லாவற்றையும் கேட்டு அனுப்பு. எக்ஸெலில் நானே போட்டுத் தருகிறேன். அதுவரை முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா