பாலுவுக்கு, அந்தக் கொட்டேஷன் விஷயமாக

அன்புள்ள பாலு,

இங்கே எல்லோரும் நலம். சேது பேரன் காதுகுத்துக்கு நீ வராததால் உன் பெயரிலும் நானே மொய் எழுதிவிட்டேன். ஐந்நூறு ரூபாய் தரவேண்டும். பந்தியில் பால்கோவாவைச் சேதுவின் கைக்கு எட்டாமல்தான் வைத்திருந்தார்கள், அவன் மருமகளின் ஏற்பாடு. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

நீ அனுப்பிய ஹோம் தியேட்டர் கொட்டேஷனைப் படித்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே 'சரிடா, சரிடா' என்று வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

கடைக்காரர் 7.1.4 என்று போட்டிருக்கிறாரே, அது உன்னைச் சுற்றி ஏழு ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர், மேலிருந்து வரும் ஒலிக்கு நான்கு. ஆகமொத்தம் 12 பெட்டி. உன் மாடி அறை 12 அடிக்கு 10 அடி. அதில் பீரோவும் அப்பாவின் ஈஸிசேரும் வேறு. பின்பக்க ஸ்பீக்கருக்குச் சோபாவின் பின்னால் இடம் விடவேண்டும், நீயோ சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறவன். மேலிருந்து ஒலிக்க என்று அந்த நான்கு இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. கீழிருந்து மேல்நோக்கி ஒலியை அடித்து, கூரையில் பட்டுத் திரும்பவைக்கிற வகையைக் குறித்திருக்கிறார். அதற்குக் கூரை தட்டையாக இருக்கவேண்டும். உன்னுடையது சரிந்த ஓட்டுக் கூரை. மனிதர் மாடிப்படி ஏறி அறையைப் பார்த்தாரா என்றே சந்தேகம்.

டிவியும் 85 அங்குலமாம். சோபாவிலிருந்து எட்டடி வருமா? கணக்கு சுலபம். திரையின் மூலைவிட்ட அளவைப்போல் 1.6 மடங்கு தூரம் கண்ணுக்கு இதம். தியேட்டர் மாதிரி திரை நிறைந்து தெரியவேண்டும் என்பவர்கள் 1.2 மடங்குவரை நெருங்கலாம். 85 அங்குலத்துக்கு அந்த நெருக்கமே எட்டரை அடி. மணல் டிக்கெட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டதை மறந்துவிட்டாயா? 65 போதும். 55 வாங்கினாலும் குறையொன்றும் இல்லை.

நீ பார்க்கப்போவது ஓடிடி படம், கிரிக்கெட், ராத்திரியில் பழைய பாட்டு. புளூ-ரே டிஸ்க் எதுவும் உன்னிடம் இல்லை, இனி வாங்கப்போவதும் இல்லை. தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கவைப்பதுதான் டால்பி அட்மாஸ். ஓடிடியில் அது டால்பி டிஜிட்டல் பிளஸ் என்கிற சுருக்கிய வடிவத்தில்தான் வருகிறது. டிவியின் ஒலியை வெளியே அனுப்புகிற சாதாரண எச்டிஎம்ஐ ஆர்க் இணைப்பு வழியாகவே அதை ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடலாம். டிஸ்க்கில் இருக்கும் ட்ரூஎச்டி என்கிற தரம் குறையாத ஒலிக்குத்தான், ஆர்க்கின் புது வடிவமான இ-ஆர்க் வேண்டும். புது டிவியில் இ-ஆர்க் இருந்தால் இருக்கட்டும், அதற்கென்று தனியாகப் பணம் அழாதே. ஆப்டிகல் ஒயர் போட்டுத் தருகிறேன் என்றால் மட்டும் வேண்டாம் என்று சொல். அட்மாஸ் அதில் வராது. எச்டிஎம்ஐ போட்டால் சத்தத்தை டிவி ரிமோட்டிலேயே கூட்டிக் குறைக்கலாம். மூன்று ரிமோட்டை வைத்துக்கொண்டு சுமதியைத் திண்டாடவிடாதே.

நான் சொல்வது 3.1 சவுண்ட்பார், டிவிக்குக் கீழே வைக்கிற நீளப் பெட்டி. இடம், வலம், நடு, கூடவே ஒரு சப்வூஃபர். அந்த 'நடு' இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. 2.1-இல் அது கிடையாது. படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் ஒதுக்கப்படுகிறது. சப்வூஃபரை எந்த மூலையில் வைப்பது என்று ரொம்ப யோசிக்காதே. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் அடித்தொனி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது. ஒரேயடியாக மூலையில் தள்ளினால் உறுமல் கூடும், பார்த்துக்கொள்.

பாட்டுக்கு புளூடூத் வேண்டாம், வைஃபை உள்ளதாக வாங்கு. பாட்டு நெட்டிலிருந்து நேராக ஸ்பீக்கருக்கு வந்துவிடும், போன் வெறும் ரிமோட்தான். சரணத்தின் நடுவில் உன் மைத்துனர் கூப்பிட்டாலும் பாட்டு நிற்காது. கீழே இருக்கும் ரவுட்டரிலிருந்து மாடிக்கு ஒரு லேன் ஒயர் இழுத்துவிடு. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ் வேகம். உன் இணைப்பு தாராளமாகத் தாங்கும், சுவர் தாண்டும்போதுதான் சிக்னல் சாகிறது. மிச்சப் பணத்தில் கனமான திரைச்சீலையும் தரைக்கு நல்ல ஜமக்காளமும் வாங்கு. வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் எந்த ஸ்பீக்கரையும் எதிரொலியில் கெடுத்துவிடும்.

இனி சொல்லப்போவதைக் கோபப்படாமல் படி.

'வசனமே புரியமாட்டேங்குது, அதான் பெரிய செட் வாங்கறேன்' என்று எழுதியிருந்தாய். பாதிப் பழி டிவி மேல்தான். இப்போதைய மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ முதுகுப் பக்கமோ இருக்கிறது. ஆனால் சுமதி என் வீட்டில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள். செய்தி வாசிப்பவர் பேசுவதுகூட உனக்குப் பிடிபடுவதில்லையாம். வாசலில் பால்காரர் கூப்பிட்டால் 'என்ன, என்ன' என்கிறாயாம். பேத்தி பேசினால் சிரித்துத் தலையாட்டிவிட்டு, என்ன சொன்னாள் என்று அப்புறம் சுமதியிடம் கேட்கிறாயாம்.

வயதாகும்போது காதில் முதலில் குறைவது உச்ச அதிர்வெண்கள், அதாவது கீச்சென்ற ஒலிகள். ச, த, க மாதிரி எழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அதனால் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. வால்யூமை ஏற்றினால் வெடிச் சத்தமும் பின்னணி இசையும்தான் கூடும். அதற்கு 12 ஸ்பீக்கர் மருந்தாகாதுடா.

ஈஎன்டி டாக்டரிடம் போய் ஆடியோகிராம் என்கிற காது சோதனை எடுத்துக்கொள். சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, சின்னச் சின்ன ஒலிகளைக் கேட்கவைத்து, கேட்டால் கை தூக்கச் சொல்வார்கள். வலி கிலி ஒன்றுமில்லை. காதில் வெறும் அழுக்கு அடைப்பாகவும் இருக்கலாம், உன் சுத்தம் எனக்குத் தெரியும். காது மெஷின் மாட்டவேண்டும் என்றால் மாட்டிக்கொள். கண்ணாடி போட்டபோதும் இப்படித்தான் ஆறு மாதம் முரண்டு பிடித்தாய்.

அதுவரை கடைக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டு அப்படியே கடைக்கும் போகலாம். உனக்குத் தெரிந்த படத்தில் ஒரு காட்சியைப் போடச்சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு வசனத்தைக் கேட்டுப் பார். நாலு வரி தெளிவாகப் புரிகிற பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். சுமதியிடம் கொத்சு செய்யச் சொல், உப்புமா என்றால் நான் பஸ் ஏறுவதாக இல்லை.

அன்புடன்,
கிட்டு