காலை ஏழு மணி டப்பாவும் பகல் பன்னிரண்டரை மணிப் பசியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் போதும், பத்திரிகைகளில் மதிய உணவுக் குறிப்புகள் வரிசை கட்டிவிடும். உங்கள் இதழிலும் வருகின்றன. புதினா சாதம், பீட்ரூட் சாதம், சீஸ் வைத்த ரோல் என்று படங்கள் கண்ணைப் பறிக்கும். சாதத்தில் ஆவி பறக்கும். பிள்ளை அதை ஆவி பறக்கவா சாப்பிடுகிறது? பள்ளத்தூரிலிருந்தோ கானாடுகாத்தானிலிருந்தோ காரைக்குடிப் பள்ளிக்கு வேன் ஏறும் பிள்ளையின் டப்பாவை ஏழு, ஏழேகாலுக்குள் மூடியாக வேண்டும். பிள்ளை அதைத் திறப்பது பன்னிரண்டரைக்கு. இடையில் உள்ள ஐந்தரை மணி நேரத்தில் உள்ளே இருப்பது என்ன ஆகிறது என்பதைத்தான் குறிப்புகள் சொல்வதில்லை. டப்பா பாதியாகத் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் மூடி. குக்கரிலிருந்து எடுத்த சாதத்தை அப்படியே எவர்சில்வர் டப்பாவில் அழுத்தி மூடினால், ஆவி மூடியின் அடியில் நீராகக் கோத்து மறுபடி சாதத்தின் மேலேயே சொட்டும். மேல் அடுக்கு நொசநொசவென்று ஆகி, அங்கேதான் முதலில் வாடை தட்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. உள்ளே அடைபட்ட ஆவி ஆறியதும் அழுத்தம் குறைந்து மூடி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கை அதைத் திறக்காது. டீச்சரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளைகள் உண்டு. சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, புறங்கை பொறுக்கும் அளவுக்கும் கீழே சூடு இறங்கியபின் டப்பாவில் போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

சூடாகத்தான் கொடுப்பேன் என்றால் ஃபிளாஸ்க் வகை டப்பா வேண்டும். அதையும் சும்மா நிரப்பக்கூடாது. கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, நீரைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க உள்ள உணவை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். பாதி டப்பா சாம்பார் சாதம் போட்டால் மேலே நிற்கும் காற்று சூட்டைத் தின்றுவிடும். அறுபது டிகிரிக்கு மேல் நிற்கிறவரை கிருமி பெருகாது. நன்றாக ஆறி, புளிப்போ எண்ணெயோ சேர்ந்த உணவும் ஓரளவு தாங்கும். இரண்டுக்கும் நடுவே, வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடப்பதுதான் மோசம். சாதாரண டப்பாவில் சூடாக மூடினால் நடப்பது அதுவேதான்.

இதில் ராத்திரிச் சாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைகள் வேகவைத்தாலும் சாவதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மிஞ்சிய சாதம் அடுப்படியிலேயே மூடிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு காலையில் தாளித்துச் சூடாக்கினாலும் போகாது. வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு ‘நேற்று வெயிலில் ஆடினான்’ என்று காரணம் சொல்லிவிடுகிறோம். ராத்திரிச் சாதத்தைக் காலையில் எலுமிச்சைச் சாதமாக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதற்கென்றே வடிக்கிற சாதமானால், ஆவி அடங்கியதும் அகலப் பாத்திரத்தில் பரப்பி உடனே ஃபிரிஜ்ஜில் வைத்துவிட வேண்டும். நீர் ஊற்றிப் புளிக்கவிட்ட பழைய சோற்றின் கதை வேறு. அதில் அமிலம் ஊறுகிறது. உலர்ந்து கிடந்த சோற்றுக்கு அந்தக் காப்பு கிடையாது.

தயிர்ச் சாதத்துக்கு வருகிறேன். சுலபம் என்று நினைத்துத்தான் இதை அதிகம் கெடுக்கிறோம். ஒரு டம்ளர் பச்சரிசிக்கு நான்கு டம்ளர் தண்ணீர் விட்டுக் குழைய வேகவிட்டு, சூட்டோடு மசிக்க வேண்டும். காய்ச்சிய பாலில் ஒன்றரை டம்ளர் ஊற்றிக் கிளறி, சூடு முழுக்க இறங்கவிட்டு, அதன்பிறகு இரண்டு ஸ்பூன் தயிர், அளவாக உப்பு. காலையில் இது சாதமாகவே தெரியாது, கூழாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். மதியத்துக்குள் சாதம் பாலை இழுத்து இறுகிவிடும், அந்தத் தயிரே பாலை உறையவைத்திருக்கும். காலையிலேயே கட்டியாகக் கொடுத்தால் மதியம் கல். கொதிக்கும் சாதத்தில் தயிரைக் கொட்டினால் திரிந்து நீர் விடும். தயிரை மட்டும் போட்டுப் பிசைந்தாலோ பங்குனி, சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கே பல் கூசும். வெள்ளரிக்காய் நீர் விடும், பச்சை வெங்காயம் நாறும், இரண்டும் வேண்டாம். மாதுளை முத்து, பொடியாக நறுக்கி வதக்கிய இஞ்சி, கறிவேப்பிலை தாளிதம் போதும். மோர் மிளகாயைத் தனிச் சிமிழில் வைத்தால்தான் நொறுங்கும்.

புளிச்சாதம் இந்த வெயிலுக்கென்றே பிறந்தது. புளிக்காய்ச்சலில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறவரை வற்றவிடுவதுதான் அதன் உயிர். நீர்ப்பசை நின்றால் மறுநாளே பூத்துவிடும். சாதத்தை உதிரியாக வடித்து, முதலில் நல்லெண்ணெயும் உப்பும், பிறகு காய்ச்சலும் கலந்து அரை மணி நேரம் விட வேண்டும். சாதம் உப்பை இழுக்கும் என்பதால் கலக்கும்போது ஒரு சிட்டிகை தூக்கலாக இருக்கட்டும். வேர்க்கடலையை டப்பா மூடுமுன் மேலே தூவுங்கள், முதலிலேயே போட்டால் நமுத்துவிடும். எலுமிச்சைச் சாதத்துக்கு ஒரு டம்ளர் அரிசிக்கு நடுத்தரப் பழம் ஒன்று. அடுப்பை அணைத்தபின் சாறு விடவேண்டும், கொதித்தால் கசக்கும். தேங்காய்ச் சாதம், தேங்காய்ப்பால் சாதம் இரண்டையும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். தேங்காய்ச் சட்னிக்கும் அதே விதி.

தொட்டுக்கொள்ள நம் ஊர் வெண்டைக்காய் மண்டி இருக்க, உருளைக்கிழங்கு சிப்ஸ் எதற்கு என்று தெரியவில்லை. கால் கிலோ வெண்டைக்காயை அலசி, ஈரம் போகத் துடைத்தபின்பே நறுக்க வேண்டும். நல்லெண்ணெயில் கோழை முழுக்க அடங்கும்வரை வதக்கித் தனியே வைத்துவிட்டு, கடுகு, வெந்தயம் தாளித்து, பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு, கிள்ளிய வரமிளகாய் இரண்டு வதக்கவேண்டும். பெரியவர்களுக்கு ஆறு மிளகாய் போடுகிற இடம் இது. அரிசியை இரண்டாம் முறை கழுவிய தண்ணீர் ஒன்றரை டம்ளரில் நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாடை போனபின் வெண்டைக்காயைச் சேர்த்து, கரண்டியிலிருந்து சட்டென்று விழாத பதத்துக்கு வற்றவிட்டால் டப்பாவில் ஒழுகாது. முதல் கழுவலில் தூசியும் தவிடும் இருக்கும், அது ஆகாது. வெண்டைக்காயை அரைகுறையாக வதக்கினால் மதியத்துக்குள் நூல் விட்டு, ஊசிப்போனதோ என்று பிள்ளை தள்ளிவிடும். மற்றக் கறிகளில் கல்பாசி, பட்டை, சோம்பை வீட்டு அளவில் பாதியாகக் குறைக்கலாம். மூடிய டப்பாவில் அந்த மணம் இறுகி, திறந்ததும் குப்பென்று அடிக்கும்.

பலகாரங்களில் காரக் குழிப்பணியாரம் ஆறினாலும் மெத்தென்று இருக்கும், வெங்காயத்தை ஈரம் சுண்ட வதக்கி மாவில் கலந்தால். கருப்பட்டியோ வெல்லமோ போட்ட இனிப்புப் பணியாரம் இடைவேளைக்கு நன்று. வெள்ளைப் பணியாரத்தை மட்டும் கட்டாதீர்கள்; சட்டியிலிருந்து எடுத்த சூட்டில் அதற்கு ஈடில்லை, ஆறினால் தோல்தான். இட்லி என்றால், அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து எடுத்து, வெதுவெதுப்பில் பொடியும் நல்லெண்ணெயும் இரு பக்கமும் தடவவேண்டும். சூட்டில் தடவினால் பொடி சேறாகும், ஆறவிட்டுத் தடவினால் ஒட்டாது. முட்டை, கறி, கோலா உருண்டை எதுவும் சாதாரண டப்பாவில் வெயில் காலத்தில் வேண்டவே வேண்டாம்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்குத் தானியம் 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம் என்று வைத்திருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை 150, 30, 75. நம் வீட்டு டப்பாவை இதோடு ஒப்பிட்டால் அரிசியில் குறைவிருக்காது. பருப்பும் காயும்தான் இடிக்கும். எலுமிச்சைச் சாதமும் வறுவலும் கொடுக்கிற அன்று பருப்பு ஏறக்குறைய பூஜ்யம். அதைச் சரிசெய்ய மதிய டப்பாவில் சாம்பாரை ஊற்றித் தளும்பவிட வேண்டியதில்லை. தேங்காய் போடாத கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கைப்பிடியைப் பத்தரை மணி இடைவேளைக்குச் சின்னச் சம்புடத்தில் கொடுக்கலாம். அதற்குள் அது கெடாது. பருப்புப் பொடி, நெய் போட்ட சாதமும் ஆகும்.

டப்பா விஷயத்தில், கிளிப் வைத்தவற்றின் ரப்பர் வளையத்தை யாரும் கழற்றுவதில்லை. அதன் மடிப்பில் பழைய குழம்பும் கரும்பூஞ்சையும் குடியிருக்கும். வாரம் ஒருமுறை கத்தி முனை படாமல் நெம்பி எடுத்து, சமையல் சோடா கலந்த வெந்நீரில் ஊறவிட்டுத் தேய்த்து, காயவைத்தே மாட்ட வேண்டும். கழுவியும் டப்பா நாறுகிறது என்றால் தொண்ணூறு பங்கு இதுதான். புளிச்சாதத்துக்கும் தயிருக்கும் அலுமினியம் ஆகாது. புதிதாக வாங்கும்போது, பிள்ளையைக் கடையில் நிறுத்தி அதன் கையாலேயே மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சாப்பாட்டுப் பைகளை வராண்டாவில் வெயில் விழும் இடத்தில் அடுக்க வைக்கிறார்கள். வகுப்புக்குள் ஒரு மூலையில் மரப்பலகை போட்டால் போதும்.

உங்களிடம் கேட்பது இதுதான்: இனி மதிய உணவுக் குறிப்பு வெளியிடும்போது, ‘பரிமாறும் அளவு’ என்று போடுகிற இடத்தில், எவ்வளவு ஆறியபின் மூட வேண்டும், எத்தனை மணி நேரம் தாங்கும், எந்த டப்பாவுக்கு ஏற்றது என்ற மூன்று விவரங்களையும் அச்சிடுங்கள். குறிப்பு அனுப்புகிறவர்களிடமும், சமைத்து ஐந்து மணி நேரம் மூடி வைத்துத் திறந்து பார்த்தபின் அனுப்பச் சொல்லுங்கள். படத்தையும் அப்போதே எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.