மைக் இல்லாத கச்சேரிக்கு அமைதி குடுத்த எங்க வேலூர்காரங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம சாயந்தரம் சத்துவாச்சாரில நடந்த ஸ்ட்ரிங் குவார்டெட் கச்சேரிக்கு வந்தவங்க, வர முடியலன்னாலும் ஏதோ ஒரு வகையில கை குடுத்தவங்க, எல்லாருக்கும் தனித்தனியா போன் பண்ணி சொல்லணும்னு தான் ஒக்காந்தேன், லிஸ்ட் எழுத எழுத ரெண்டு பக்கம் தாண்டிடுச்சி, அதான் ஒரே மடலா எழுதறேன். பேரு போட வேணாம்னு நெறைய பேரு கேட்டுகிட்டாங்க, அதனால யார் பேரும் போடல. படிக்கறப்ப இது நம்மள தான்னு உங்களுக்கே தெரியும்.

வராதவங்களுக்காக ஒரு வார்த்த. ரெண்டு வயலின், ஒரு வயோலா (வயலினோட கொஞ்சம் பெரிய அக்கா), ஒரு செல்லோ (ஒக்காந்து காலுக்கு நடுவுல நிறுத்தி வாசிக்கற பெருசு), அவ்ளோ தான் குவார்டெட். மைக் கெடையாது, ஸ்பீக்கர் கெடையாது, மரமும் கம்பியும் போடற சத்தம் மட்டும் தான். நான் சின்ன வயசுல இருந்து சர்ச் கொயர்ல ஆல்ட்டோ, அதான் பொம்பளைங்க கீழ் குரல், பாடறவ, நாலு குரல் ஒண்ணு மேல ஒண்ணு ஒக்கார்றப்ப நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுமே, அத நாலு வாத்தியத்துல நம்ம ஊரு ஜனங்க பக்கத்துல ஒக்காந்து கேக்கணும்னு எனக்கு பல வருஷ ஆச. அதுவும் போன நூத்தாண்டு மியூசிக். மொசார்ட், பீத்தோவன்னா கூட பரவால்ல, இத யாரு கேக்கப் போறாங்கன்னு கேட்டவங்க நெறைய. 140 சேர் போட்டோம், கடைசில பெஞ்ச் தூக்கிட்டு வந்தாங்க.

மொதல்ல ஹால் குடுத்த தலைமையாசிரியை அம்மாவுக்கு. நாங்க அட்வான்ஸ் குடுத்து வெச்சிருந்த எடம் மூணு நாளைக்கு முன்னாடி கேன்சல்னு சொல்லிட்டாங்க, அன்னைக்கு ராத்திரி நான் அழுதுட்டேன், உண்மைய சொல்றேன். மறுநாள் காலைல அவுங்க வீட்டு வாசல்ல போயி நின்னப்ப முழுசா கேக்கக்கூட இல்ல, சாவிய எடுத்து கைல குடுத்து, "பசங்களும் வந்து கேக்கட்டும்மா, அது போதும்"னாங்க. அந்த பசங்க மொத ரெண்டு வரிசைல தரையில ஒக்காந்தாங்க. அவ்ளோ நேரம் அவ்ளோ பசங்க ஒரு சத்தம் போடாம இருந்தத நான் பாத்ததில்ல.

அடுத்து சவுண்ட் செட் அண்ணன். அண்ணே, இந்த தடவ உங்க செட்டு வேணாம், நீங்க மட்டும் வாங்கன்னு கூப்ட்டப்ப கோச்சிப்பீங்களோன்னு பயந்தேன். வந்தீங்க, ஹால் நடுவுல நின்னீங்க, ஒரே ஒரு தடவ கை தட்டிட்டு கண்ண மூடிகிட்டீங்க. "பின்னாடி சொவுரு திருப்பி அடிக்குதும்மா, துணி மாட்னா அடங்கிடும்"னு சொல்லிட்டு குடோன்ல இருந்து ஒம்போது ஜமக்காளம் கொண்டாந்து சொவுத்துல, ரோட்டுப் பக்க ஜன்னல்லல்லாம் தொங்க விட்டீங்க. வாடக கேட்டா "ஒரு செட்டும் போடல, இன்னாத்துக்கு வாடக"ன்னு கெளம்பிட்டீங்க. செல்லோ வாசிச்ச தம்பி என்ன சொன்னாருன்னா, இந்த மாதிரி சத்தம் நெறைய பெரிய ஹால்ல கூட கெடைக்கலன்னாரு. அத நேர்ல சொல்லணும்னு இருந்தேன், இங்கயே சொல்லிட்டேன்.

வாசிச்ச நாலு பேரும் சென்னைல இருந்து பிருந்தாவன் ரயில்ல வந்து காட்பாடில எறங்கினாங்க. செல்லோ பொட்டி ஒரு ஆள் ஒசரம், டிக்கில போடற சாமான் கெடையாது. ஆட்டோகார அண்ணன் அத பின் சீட்ல நிக்க வெச்சி, பக்கத்துல அந்த தம்பிய கட்டிப் புடிச்சிக்க சொல்லி, பாலாத்து பாலம் பூரா சைக்கிள் வேகத்துல வந்தாராம். பின்னாடி ஹாரன் அடிச்சவங்கள எல்லாம் கைய காட்டி முன்னாடி போக விட்டுட்டே வந்திருக்காரு.

மத்தியானம் ரிகர்சல்ல வயோலாவோட பிருட, அதான் கம்பிய முறுக்கற மர ஆணி, வழுக்க ஆரம்பிச்சிடுச்சி. நம்ம ஊரு வெயில்ல மரம் காஞ்சி சுருங்கினா பிருட நிக்காது, முறுக்க முறுக்க சுருதி எறங்கிட்டே இருக்கும். எல்லாரும் கைய பெசஞ்சிட்டு நிக்கறோம், எங்க கர்நாடக வயலின் டீச்சர் எழுந்து கரும்பலகை கிட்ட போனாங்க, ஒரு துண்டு சாக்பீஸ் எடுத்தாங்க, பிருடைய கழட்டி தடவி திருப்பி சொருகினாங்க, நின்னுடுச்சி. நாப்பது வருஷமா அவுங்க வயலினுக்கு பண்ற வைத்தியம் தான்.

டீச்சருக்கு இன்னொரு நன்றி இருக்கு, அது பெருசு. ஷோஸ்டகோவிச்னு ஒரு ரஷ்யாகாரரு இந்த நாலு வாத்தியத்துக்கு எழுதின உருப்படிங்களயும் குவார்டெட்னு தான் சொல்வாங்க, அதுல எட்டாவத வாசிக்கறதுக்கு முன்னாடி ஜனங்களுக்கு ரெண்டு வார்த்த சொல்ல சொன்னோம். 1960 ஜூலைல, ரெண்டாம் உலகப் போர்ல குண்டு போட்டு அழிஞ்ச ஜெர்மனி டிரெஸ்டன் ஊரு பக்கம் ஒரு படத்துக்கு மியூசிக் போட போனவரு, மூணே நாள்ல இத எழுதி முடிச்சாரு, பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவங்களுக்குன்னு சமர்ப்பணம் பண்ணாருன்னு சொன்னாங்க. அப்பறம் பாடிக் காட்னாங்க. ரி, க, ச, நி. நாலே சுரம். அது அவரு பேரோட எழுத்து, ஜெர்மன்ல சுரத்துக்கு சொல்ற எழுத்த வெச்சி தன் பேர அவரே உள்ள எழுதி வெச்சிருக்காரு, முத்துஸ்வாமி தீட்சிதர் கிருதில குருகுகன்னு முத்திர வெப்பாருல்ல, அது மாதிரி, எங்க கேட்டாலும் அவரு நம்ம கிட்ட பேசறாருன்னு வெச்சிக்கோங்கன்னாங்க. அதுக்கு மேல ஒருத்தருக்கும் ஒண்ணும் வெளக்க வேண்டி வரல. செல்லோ அந்த நாலு சுரத்த தனியா ஆரம்பிச்சப்பவே முன் வரிசைல ஒரு பொண்ணு பக்கத்துல இருந்தவ தொடைல தட்டி விரல் காட்டிச்சி, வந்துடுச்சின்னு.

அதுக்கு முன்னாடி ஃபேன் விஷயம். ஃபேன் ஓடினா பேப்பரும் பறக்கும், அந்த உய்ங்ங்குற சத்தத்துல மெல்லிசா வாசிக்கறது அடி பட்டுப் போகும். மொத வயலின் அம்மா ரொம்ப தயக்கமா கேட்டாங்க, ஒரு இருவது நிமிஷம் நிறுத்தினா ஒக்கார முடியுமான்னு. வேலூர்ல, அந்த புழுக்கத்துல! தலைமையாசிரியை ஒவ்வொரு ஸ்விட்சா அணைச்சிகிட்டே வந்தாங்க, கடைசி ஃபேன் சுத்தி சுத்தி நிக்கற வரைக்கும் எல்லாரும் அத அண்ணாந்து பாத்துட்டு இருந்தோம், நின்னப்பறம் ஒரு அமைதி வந்துச்சி பாருங்க, அத மாதிரி நான் சர்ச்ல கூட கேட்டதில்ல. ஒருத்தரும் எழுந்து போகல. என் பக்கத்துல ஒரு ஆயா பனவோல விசிறி வெச்சிருந்தாங்க, ரெண்டு வீசு வீசினாங்க, அது கிரீச்சுன்னுச்சி, ஒடனே மடில வெச்சி ரெண்டு கையும் மேல வெச்சி அமுத்திகிட்டாங்க, வேர்வ நெத்தில இருந்து எறங்குது, தொடைக்கவே இல்ல. நாலாவது பாகத்துல மூணு அடி வரும், டம் டம் டம்னு, ராத்திரில யாரோ கதவத் தட்டற மாதிரி. அந்த ஆயா திரும்பி வாசல பாத்தாங்க. ஆயா, நீங்க யாருன்னு எனக்கு தெரியாது, எந்த தெருன்னும் தெரியாது. உங்களுக்கு தான் இந்த மடல்ல பாதி.

கல்யாண வீட்டுக்காரங்கள மறந்தா எனக்கு சோறு எறங்காது. அதே நேரத்துல எதுர் தெருவுல மாப்ள அழப்பு, பேண்ட் செட்டோட. ரெண்டு நாள் முன்னாடி போயி பொண்ணோட அப்பாவ பாத்து, கேக்கறதே தப்புங்க, உங்க வீட்டு விசேஷம், ஆனா ஸ்கூல தாண்டற வரைக்கும் மட்டும்னு இழுத்தேன். "அதுக்கு இன்னாமா, சங்கீதம் தானே நடக்குது, நாங்க நிறுத்திட்டு போறோம்"னாரு. சொன்னபடி முக்குல பேண்ட நிறுத்தி, அத்தன பேரும் லைட்டு தூக்கிகிட்டு சத்தம் இல்லாம ஸ்கூல் கேட்ட தாண்டிப் போயி, அந்த பக்கம் தெரு முனைல தான் திரும்ப ஆரம்பிச்சாங்க. ஜமக்காளத்து ஓரமா வெளிச்சம் மட்டும் நகந்து போறது உள்ள இருந்து தெரிஞ்சிது. அந்த பொண்ணும் மாப்ளையும் நல்லா இருக்கணும்.

ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிங்க வண்டிய தள்ளிகிட்டே போயி தான் ஸ்டார்ட் பண்ணாங்கன்னு அப்பறம் தான் கேள்விப்பட்டேன்.

ஸ்டீவ் ரைக்னு ஒரு அமெரிக்காகாரரு 1972ல எழுதின, வாத்தியமே இல்லாம கை மட்டும் தட்டற உருப்படிக்கு எங்க தவில் தம்பிங்க ரெண்டு பேருக்கும் நன்றி. ஒருத்தர் ஒரே நடைய தட்டிட்டே இருக்கணும், இன்னொருத்தர் ஒரு மாத்திர ஒரு மாத்திரயா தள்ளித் தள்ளிப் போயி பன்னெண்டு தடவ தள்ளினப்பறம் திரும்ப ஒண்ணா சேரணும். பத்து நிமிஷத்துல புடிச்சிகிட்டாங்க, சேந்த எடத்துல ஹாலே ஹான்னுச்சி. ஹங்கேரிகாரரு பார்ட்டோக்கோட நாலாவது குவார்டெட்ல ஒரு பாகம் பூரா வில்லே இல்லாம விரலால மீட்டறது, 1928ல எழுதினது, கம்பி கட்டைல போயி அடிக்கற மாதிரி சுண்டுவாங்க, அதுக்கு பசங்க கிட்ட இருந்து ஒன்ஸ்மோர் வந்துச்சி. எஸ்டோனியாகாரரு ஆர்வோ பேர்ட்டோட உருப்படில ஒரு வயலின் கடைசி வரைக்கும் ச-பவ தம்புரா மாதிரி புடிச்சிட்டே இருந்துச்சி, அதுல என் பக்கத்துல ரெண்டு பேரு கண்ண தொடச்சாங்க, நானும் தான்.

மத்தியான சாப்பாடு, முள்ளு கத்திரிக்கா கொழம்பு செஞ்ச அக்காவுக்கும், இடைவேளைல எல்லாருக்கும் மக்கன் பேடா வாங்கிட்டு வந்த ஆற்காட்டு மாமாவுக்கும் நன்றி. ஹாலப் பெருக்கி சேர அடுக்கிட்டு ராத்திரி பத்தரைக்கு வீட்டுக்கு போன பசங்களோட அப்பா அம்மாவுக்கும்.

கடைசியா ஸ்கூலுக்கு பின்னாடி வீட்டு அம்மாவுக்கு. பேப்பர் பறக்காம இருக்க கிளிப் வேணும்னு ஓடி வந்து கேட்டப்ப, கொடில காஞ்சிட்டு இருந்த துணியெல்லாம் உருவி உள்ள போட்டுட்டு பன்னெண்டு கிளிப்பும் எடுத்து குடுத்தீங்க. பதினொண்ணு தான் திரும்ப குடுத்திருக்கேன். பச்ச கிளிப் ஒண்ணு செல்லோ நோட்டுல மாட்டிகிட்டு சென்னைக்கு போயிடுச்சி, அடுத்த வாட்டி வர்றப்ப நேர்ல வந்து குடுக்கறேன்னு அந்த தம்பி சொல்லிருக்காரு.