செயலாளர் ஆண்டறிக்கை: செவித்திறன் குறையுள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. விவரம் பதிவேட்டில் இருப்பதால் இங்கே விரிக்கவில்லை.

இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி, முதல் பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் குழந்தைகள் விடுபட்டுப் போகாமல் பார்ப்பதற்கே செலவானது. பிறந்த குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து ஓ.ஏ.இ. என்ற செவிப் பரிசோதனை எடுப்பது சில நிமிட வேலை. ஒலி கேட்டதும் உள்காது திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியை அந்தக் கருவி பிடிக்கிறது. அது பதிவாகாவிட்டால் ‘ரெஃபர்’ என்று எழுதித் தருகிறார்கள். அந்த ஒரு சொல்லைப் பார்த்து இடிந்துபோகும் தாய்மார்கள் உண்டு. காதில் நீர் இருந்தாலும் ‘ரெஃபர்’ வரலாம் என்று கேள்விப்பட்டு, திரும்பியே வராதவர்களும் உண்டு. இரு தரப்பினரிடமும் நம் உறுப்பினர்கள் போனில் பொறுமையாகப் பேசினார்கள். ‘ரெஃபர்’ என்றால் காது கேட்காது என்று முடிவாகிவிடவில்லை. மறுபடி பார்த்தே ஆகவேண்டும், அவ்வளவுதான்.

1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் நோயறிதல், 6 மாதத்துக்குள் காது மெஷினும் பயிற்சியும் என்பதே நாம் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு. பிறக்கும் 1000 குழந்தைகளில் 1 முதல் 3 பேருக்கு நிரந்தரமான செவித்திறன் குறை இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது. உள்காது சரியாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் அதில் தெரியாது. ஒலிக்குக் காது நரம்பு தரும் பதிலை அளக்கும் பெரா பரிசோதனைதான் காட்டும். குழந்தை தூங்கும்போது எடுப்பது அது. தூங்கவைக்கப் படும் பாடு நம் எல்லோருக்கும் தெரியும்!

கைதட்டிப் பார்த்து, “திரும்பினானே, கேட்குது” என்று நிம்மதியடைவதை நாம் இன்னும் அழுத்தமாக மறுக்கவேண்டும். குழந்தை கையசைவைப் பார்த்தும் திரும்பும். காது கேட்காத குழந்தையும் முதல் மாதங்களில் ‘ஆ, ஊ’ என்று குரல் கொடுக்கும். என் மகளை இப்படித்தான் நானும் நம்பினேன். சந்தேகம் வந்து கேட்டபோது, “தாமதமாகப் பேசுவாள், காத்திருங்கள்” என்றார் ஒரு மருத்துவர். அவளுக்குக் காது மெஷின் மாட்டியபோது வயது இரண்டரை. அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். பிறந்தபோது ‘பாஸ்’ ஆன குழந்தைகளை நாம் தொடர்ந்து கவனிக்கவில்லை. மூளைக்காய்ச்சலுக்குப் பிறகும், சில பரம்பரைக் காரணங்களாலும் கேட்கும் திறன் பின்னால் குறையலாம். அதனால் இனி, பேச்சு வளரவில்லை என்று பெற்றோர் சொன்னால், பழைய முடிவு எதுவானாலும் மறுபரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. அங்கன்வாடிப் பணியாளர்களிடம் பேசும் பொறுப்புக்கு இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் இன்றே பெயர் தரலாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்