ஒரு லேப்டாப்பா, ரெண்டு மிஷினா?

சிம்மக்கல், மதுரை.

அன்புள்ள பாண்டிக்கு,

நாங்க எல்லாரும் நலம். நீ, தங்கச்சி, பிள்ளைகள் சுகம்தானே. உங்க உசிலம்பட்டிப் பக்கத்து 58 கிராமக் கால்வாயில இந்தத் தடவையாவது தண்ணி வந்துச்சா, கண்மாய் நெறஞ்சுச்சான்னு போன கடிதத்துலயே கேட்டிருந்தேன். அதுக்குப் பதில் இல்லை, ரெண்டு பக்கமும் லேப்டாப் பேச்சாவே இருக்கு. போகட்டும். பாப்பாவுக்கு மதுரையிலயே பி.காம் சீட்டு கெடச்சதுல எங்க வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். இங்க கடை ஏதோ ஓடுது. கல்யாணப் பத்திரிகையைப் பாதிப்பேர் செல்லுலயே போட்டு அனுப்பிடுறாங்க. ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும்தான் வாடகையைக் கொடுக்குது.

விஷயத்துக்கு வர்றேன். அறுபதாயிரத்துல நல்லதா ஒரு லேப்டாப் வாங்கி நீயும் பாப்பாவும் சேர்ந்து வச்சுக்கிறதா எழுதியிருந்த. அது சரிப்பட்டு வராது மாப்ள. காலையில அவ அதைப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறினா சாயங்காலம்தான் திரும்பி வருவா. சார்பதிவாளர் ஆபீஸ் நடக்கிறதும் அதே நேரம்தானே? 2018-ல பதிவுத்துறையோட ஸ்டார் 2.0 மென்பொருள் வந்ததுல இருந்து உன் பத்திரம் எழுதுற தொழிலே ஆன்லைன்ல நடக்குது. பார்ட்டி வந்து உக்காந்திருக்கும்போது நீ எதுல பத்திரம் அடிப்ப? அதனால பணத்தை ரெண்டா பிரி. நாப்பதை ஒட்டி பாப்பாவுக்குப் புது லேப்டாப். மிச்சத்துல உனக்கு ஒரு பழைய டெஸ்க்டாப்.

கடைக்காரர் உன்கிட்ட எடுத்துவிட்ட அந்த கேமிங் லேப்டாப்பை மறந்துடு. அதுல இருக்கிற கிராஃபிக்ஸ் கார்டு கேம் ஆடுறதுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் உள்ளது. கணக்கு எழுதுற டேலியும் எக்ஸெலும் அதை ஏறெடுத்துக்கூடப் பார்க்காது. ரெண்டு கிலோவுக்கு மேல எடை, சார்ஜர் தனி. ஜல்லிக்கட்டுக் காளையை வாங்கித் தண்ணி வண்டியில பூட்டுன கதைதான். அதே மாதிரி, விலை கம்மியா இருக்குன்னு குரோம்புக் பக்கமும் போயிடாத, அதுல விண்டோஸ் கிடையாது. டேலி விண்டோஸ்ல ஓடுறது, பி.காம் பிள்ளைக்கு டேலி இல்லாம ஆகாது.

என்கிட்ட கேக்குறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: வாங்கின பிறகு மாத்த முடியாத சாமான்ல காசைப் போடு. பேட்டரியை மாத்தலாம், ஃபைலெல்லாம் சேமிக்கிற எஸ்.எஸ்.டி.யை மாத்தலாம். ஸ்கிரீன், கீபோர்டு, பிராசஸர் மூணும் வாங்கினது வாங்கினதுதான். ஸ்கிரீன், கீபோர்டை மாத்தலாம்னு சர்வீஸ் கடையில சொல்லுவாங்க. ஆனா அந்தச் செலவைக் கேட்டா நீ மாத்த மாட்ட.

ஸ்கிரீனைப் பத்திதான் கடையில யாரும் பேசுறதில்லை. பெட்டி மேல 1920 x 1080-ன்னு இருக்கணும். விலை கம்மியான மாடல்ல இன்னமும் 1366 x 768 வருது. அதுல தமிழ் சின்னதா அடிச்சா ‘ன்’ மேல இருக்கிற புள்ளி அழுக்கு மாதிரி தெரியும், ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் கண்ணைச் சுருக்கணும். அடுத்து, எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவா மாறாத ஐ.பி.எஸ். பேனலான்னு கேளு. கேட்டா மட்டும் போதாது, ஸ்கிரீனை மெதுவா பின்னாடி சாய்ச்சுப் பாரு. நிறம் வெளிறி, கறுப்பெல்லாம் சாம்பலாகுதுன்னா அது மட்டமான பேனல், வச்சிட்டு வந்துடு. வெளிச்சம் 250 நிட்ஸ்னா வீட்டுக்குள்ள ஓடும். ஜன்னல் பக்கம் உக்காரணும்னா 300 இருந்தா நல்லது.

பிராசஸர் விஷயத்துலதான் எல்லாரும் ஏமாறுறது. இன்டெல்ல ஐ5-னா ஐ3-யை விட உசத்தின்னு நெனச்சிடுறோம். ஐ5-7200யூ ஏழாவது தலைமுறை, உள்ள ரெண்டே ரெண்டு கோர், அதாவது வேலை செய்யுற மூளை ரெண்டுதான். ஐ3-1215யூ பன்னெண்டாவது தலைமுறை, ஆறு கோர். எது வேகம்னு நான் சொல்ல வேண்டாம். ஏ.எம்.டி. கம்பெனியோட ரைசன்லயும் இந்த வேலை நடக்குது. 7520யூ-ன்னு பேர் பார்க்கப் புதுசா இருக்கும், உள்ள இருக்கிற ஜென் 2 கட்டமைப்பு 2019-லயே வந்தது. அது கெட்ட பிராசஸர் இல்லை, விலையும் அதுக்குத் தக்கன இருந்தா எடுக்கலாம். ஆனா அதுல ரேம், அதாவது வேலை ஓடும்போது பயன்படுற மெமரி, போர்டோட சேர்த்து சால்டர் பண்ணிப் பத்தவச்சது. பின்னால கூட்ட முடியாது.

ரேமுக்கு இப்ப காலம் சரியில்லை. ஏ.ஐ. கம்பெனிகள் மெமரி சிப்பை மொத்தமா அள்ளிக்கிட்டுப் போறதால 2025 கடைசியில இருந்து விலை எகிறிடுச்சு. அதனால 16 ஜி.பி.தான் வேணும்னு முரண்டு பிடிக்காத, பாப்பாவுக்கு 8 தாராளம். ஒரே ஒரு நிபந்தனை, ரேம் சொருகுற இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கணும். டெமோ மிஷின்ல கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கு. டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. கீழ ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ன்னு ஒரு வரி இருக்கும். ‘1 ஆஃப் 2’-னா நல்லது. பக்கத்துலயே ‘ரோ ஆஃப் சிப்ஸ்’னு போட்டிருந்தா பெரும்பாலும் பத்தவச்ச ரேம்தான். எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தனுக்கு ‘அப்புறமா கூட்டிக்கலாம் சார்’னு சொல்லி 4 ஜி.பி. பத்தவச்ச மிஷினைத் தலையில கட்டிட்டாங்க. எந்தக் கடைன்னு எழுத மாட்டேன், நேர்ல கேளு.

மத்ததெல்லாம் சில்லறை. ஹார்ட் டிஸ்க் வேண்டாம், மெதுவா ஓடுற இ.எம்.எம்.சி. சேமிப்பும் வேண்டாம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பாரு. டைப்-சி-யில சார்ஜ் ஏறினா சௌகரியம். ‘எம்.எஸ். ஆபீஸ் ஃப்ரீ’ன்னு சொன்னா ஆயுசுக்குமா, ஒரு வருஷத்துக்கான்னு கேளு.

இப்ப உன் டெஸ்க்டாப். பெரிய கம்பெனிகள் கழிச்சுக் கட்டுற சின்னப் பெட்டி மாடல்கள் இங்க நெறைய வருது. இன்டெல் எட்டாவது தலைமுறைக்குக் கீழ எதையும் தொடாத. விண்டோஸ் 11 முறைப்படி அதுல இருந்துதான், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட பொதுவான ஆதரவை நிறுத்திடுச்சு. ஆறு, ஏழு எல்லாம் விலை விழுந்து கெடக்குறதுக்கு அதான் காரணம். பெரிய மானிட்டர் ஒண்ணு, ஒரு யு.பி.எஸ்., நாள் பூரா அடிச்சாலும் விரல் வலிக்காத கீபோர்டு, உனக்கு இது போதும். மாசாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்துற அன்னைக்கு யு.பி.எஸ். கொஞ்ச நேரம்தான் தாங்கும். அந்த ஒரு நாளைக்கு லேப்டாப் இருந்தா நல்லாத்தான் இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா அதுக்காக மத்த நாளெல்லாம் குனிஞ்சு உக்காந்து கழுத்தைக் கெடுத்துக்க வேண்டாம்.

உன் பழைய பத்திர மாதிரியெல்லாம் வானவில் எழுத்துருவுல அடிச்சதுதானே? ஃபைலை மட்டும் பென் டிரைவுல ஏத்திக்கிட்டு வந்தா, அந்த ஃபான்ட் இல்லாத புது மிஷின்ல ஒண்ணும் புரியாத எழுத்தா கொட்டும். ஃபான்ட்டையும் சேர்த்து எடுத்து வை.

உங்க அண்ணன் மகன் பரண்ல போட்டு வச்சிருக்கிற அந்த அரசு இலவச லேப்டாப்பைத் தூசி தட்டலாமான்னும் கேட்டிருந்த. அதுக்கு விண்டோஸ் 11 ஒத்துவராது. எஸ்.எஸ்.டி. போட்டு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் ஏத்தினா சின்னவனுக்கு டைப்பிங் பழக ஆகலாம். பேட்டரி எப்பவோ போயிருக்கும், அதுக்கு மேல காசு போடாத.

புதன் வியாழன்ல கிளம்பி வா, சனி ஞாயிறு டவுன்ஹால் ரோட்டுல கால் வைக்க முடியாது. பாப்பாவையும் கூட்டிட்டு வா, கீபோர்டை அவ அடிச்சுப் பார்க்கணும். விலை பேசுறதை என்கிட்ட விட்டுடு. வாரண்டிக்கு அவ பேர்ல ஜி.எஸ்.டி. பில் போட்டு வாங்கிடுவோம், பில்லு இல்லாம கொறச்சுத் தர்றேன்னு எவன் சொன்னாலும் வேண்டாம். மதியச் சாப்பாடு எங்க வீட்டுல. தங்கச்சிகிட்ட சொல்லிட்டு வா.

இப்படிக்கு,
சேகர்