தேக்காவோடு நின்றுவிட வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப்போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவின் சுவரோவியங்களைச் சொல்வதுண்டு. சாமான் வாங்கச் சிராங்கூன் சாலைக்கு வாராவாரம் போகும் நம்மில் பலர் பெலிலியோஸ் சந்துக்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டோம். அங்கே ஒரு கடைவீட்டின் பக்கச் சுவரில் கிளி ஜோசியரும் பூக்கட்டுபவரும் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறார்கள். ரேஸ் கோர்ஸ் ரோட்டுச் சுவரில் குதிரைப் பந்தயம். 1933இல் புக்கிட் தீமாவுக்கு மாறும்வரை பந்தயம் அந்த வட்டாரத்தில்தான் நடந்தது. ஹிண்டூ ரோட்டில் ரஜினியும் உண்டு. (அவர் முன்னால் நின்று படம் எடுக்கத்தான் கூட்டம்!)

எல்லாம் அழகுதான். ஆனால் சைனாடவுன் சுவர்களைப் பார்த்துவிட்டு வந்தால் ஒரு குறை தெரிகிறது. கணக்காளராக இருந்த யிப் யூ சோங் 2015இல் சுவரில் வரையத் தொடங்கியவர். சாகோ லேனில் வளர்ந்த அவர், தம் பழைய வீட்டையே சுவரில் கொண்டுவந்தார். தியான் ஹொக் கெங் கோயிலின் பின்சுவரில் 40 மீட்டருக்கும் மேலாக ஹொக்கியன் சீனக் குடியேறிகளின் கதை ஓடுகிறது. அங்கே தெரிவது ஒரு வீட்டு ஆளின் ஞாபகம். நம் சுவர்களில் தெரிவது பெரும்பாலும் விருந்தாளியின் வியப்பு.

2024இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் புகைபிடிக்கும் சம்சுய் பெண்ணின் (அந்தக் காலத்தில் கட்டுமான வேலை செய்த சீனப் பெண்) ஓவியம் கிளப்பிய சர்ச்சை நினைவிருக்கும். சிகரெட்டை நீக்கச் சொன்ன நகர மறுசீரமைப்பு ஆணையம் பிறகு அப்படியே இருக்கட்டும் என்றது. முன்அனுமதி வாங்காததற்குக் கட்டட உரிமையாளருக்கு 2,000 வெள்ளி அபராதம். சம்சுய் பெண்கள் உண்மையில் இப்படியா இருந்தார்கள் என்று ஊரே வாதாடியது. நம் கிளி ஜோசியரைப் பற்றி அப்படி யாராவது சண்டை போட்டு நான் கேட்டதில்லை. பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டினால் அரைமணி நேரம் குறை சொல்வார் என்பது என் கணிப்பு. அந்தக் குறைகள்தான் அடுத்த ஓவியருக்கு வேண்டும்.

தமிழர் வாழ்க்கை தேக்காவுக்குள் மட்டும் நடக்கவும் இல்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த இடத்தில் இன்று அலுவலகக் கோபுரங்கள். தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன. எங்கள் ஈசூனில் உள்ள புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில், முன்பு செம்பவாங்கில் கடற்படைத் தளத்து ஊழியர்கள் கும்பிட்ட கோயில். இவற்றுக்கும் ஆளுக்கொரு சுவர் வேண்டாமா?

அனுமதி இல்லாமல் சுவரைத் தொட்டால் இங்கே பிரம்படிவரை போகலாம். ஆகவே கட்டட உரிமையாளரிடமும் ஆணையத்திடமும் நம் சங்கங்களே முறைப்படி பேச வேண்டும். வரைய நம் இளையர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பழைய படங்களும் விவரமும்தான் தேவை. உங்கள் நாளிதழ் வாரம் ஒரு பேட்டையை எடுத்துக்கொண்டு, அங்கே வாழ்ந்தவர்களிடம் இவற்றைக் கேட்டு வெளியிடலாமே. தஞ்சோங் பகாரிலிருந்து தொடங்குங்கள், அங்கிருந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்